ஜன்னலோரச் சந்தேகங்கள்: அடுக்கிலை சக்குலன்ட்கள்

ரோஜாப்பூப் போல இலைகளை வட்டமாக அடுக்கி வளரும் சக்குலன்ட் (சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேமிக்கும்) செடிகளை வீட்டுக்குள் வளர்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுச் சுருக்கியிருக்கிறோம்.

ஊட்டியில் எச்சவேரியா வாங்கி வந்தேன். குட்டித் தாமரை மாதிரி இருந்தது. இரண்டே மாதத்தில் அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிகின்றன, தொட்டாலே உதிர்கின்றன. வாரம் ஒரு முறைதான் தண்ணீர் விடுகிறேன். என்ன தவறு? (வேளச்சேரி)

"வாரம் ஒரு முறை" என்ற கணக்குதான் தவறு. செடிக்குக் கிழமை தெரியாது. தொட்டி காய்ந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இலை கண்ணாடியாகிக் குழைவது அளவுக்கு மிஞ்சிய ஈரத்தின் அடையாளம். தாகத்தில் இருக்கும் செடியின் இலை சுருங்கி வதங்குமே தவிர, குழையாது. அடி இலை ஒன்றிரண்டு காகிதம் போல் உலர்ந்தால் அது வெறும் மூப்பு, கவலை வேண்டாம்.

இன்னொரு காரணம் சென்னையின் இரவு. எச்சவேரியாவின் பெரும்பாலான இனங்கள் மெக்சிகோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்ளும். மறுநாள் வெயிலில் அதைக்கொண்டுதான் சமையல். ஊட்டி இரவில் இது ஒழுங்காக நடக்கும். மே மாதச் சென்னையில் இரவுகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அப்போது செடி உண்பது குறையும், மூச்சுவிட்டே சேமிப்பைக் கரைக்கும், வேர் தண்ணீரை இழுக்காது. நீங்கள் விட்ட தண்ணீர் தொட்டியிலேயே தங்கி வேரை அழுகவைக்கும். பகல் வெயில் 35 டிகிரியானாலும் அது தாங்கிக்கொள்ளும். இரவு தணியாததுதான் அதைக் கொல்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை: செடியைத் தொட்டியோடு கவிழ்த்து வெளியே எடுங்கள். வேரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவாக இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், விரலால் உதிர்த்துவிடுங்கள். குழைந்த இலைகளை எல்லாம் களையுங்கள். தண்டு உறுதியாகவும் வெளிர் பச்சையாகவும் இருந்தால், கறுத்த வேரை மட்டும் வெட்டினால் போதும். தண்டே பழுப்பாகியிருந்தால் புது பிளேடால் மெல்லிய துண்டுகளாக மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ ஒன்றுகூடத் தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு பிளேடை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுகலை நீங்களே மேலே கொண்டுபோவீர்கள். மிஞ்சிய தலையை நிழலில், காற்றோட்டத்தில், 4 முதல் 5 நாள் வெறுமனே வையுங்கள். பட்டைத்தூள், மஞ்சள்தூள் பூசச் சொல்வார்கள். பூசினால் கெடுதல் இல்லை. ஆனால் காப்பாற்றுவது சுத்தமான வெட்டும் உலர்ந்த காற்றும்தான். பிறகு காய்ந்த கலவையின் மேல் உட்காரவையுங்கள். 2 முதல் 4 வாரத்தில் வேர் விடும். லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும்போதுதான் முதல் தண்ணீர்.

அப்படியானால் சமவெளியில் வீட்டுக்குள் எதைத்தான் வளர்ப்பது? (மதுரை)

முதல் செடியாக ஹவார்த்தியா. தென்னாப்பிரிக்காவில் புதர்களின் அடியிலும் பாறை இடுக்குகளிலும், பாதி மண்ணில் புதைந்தும் வளர்கிற செடி. நிழலுக்குப் பழகிய உடம்பு அதற்கு. இலை நுனி கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் ஹவார்த்தியா கூப்பரி, அந்த ஜன்னல் வழியாகத்தான் மண்ணுக்குள் மறைந்த இலைப்பகுதிக்கு ஒளியைக் கடத்துகிறது. வெள்ளை வரி போட்ட வரிக்குதிரைச் செடி இன்னும் முரடு. அதை 2013-ல் ஹவார்த்தியாப்சிஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். நர்சரிகளில் இன்னும் பழைய பெயரில்தான் கிடைக்கும். இலை நாக்குப் போல் நீளும் கேஸ்டீரியாவும் இதே ரகம். கோடை உச்சத்தில் இவையும் வளராமல் சும்மா இருக்கும். அதை நோய் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள்.

நல்ல வெயில் விழும் ஜன்னல் இருந்தால் கிராப்டோபெட்டாலம் பராகுவேயன்ஸ். பெயரில் பராகுவே இருந்தாலும் சொந்த ஊர் மெக்சிகோதான். எச்சவேரியாவின் நெருங்கிய உறவு, ஆனால் வெக்கையை அதைவிட நன்றாகத் தாங்கும்.

செம்பர்விவம், ஏயோனியம் இரண்டையும் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னது ஐரோப்பிய மலைகளில் பனியில் வாழ்வது. பின்னது பெரும்பாலும் கேனரித் தீவுகளைச் சேர்ந்தது, வெயில் ஏறினால் தூங்கிவிடும். கொடைக்கானல், குன்னூர் வாசகர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். போதுமா? (அண்ணா நகர்)

வெளிநாட்டு வீடியோக்களில் "வடக்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம்" என்பார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலுக்குச் சாய்வெயில் கிடைக்கும். ஐப்பசி முதல் மாசி வரை அது தெற்கு ஜன்னலுக்குப் போய்விடும். ஆண்டு முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னலின் காலை வெயில். மேற்கு ஜன்னலில் பிற்பகல் கண்ணாடியே கொதிக்கும். அதையொட்டி வைத்தால் இலையில் பழுப்புத் திட்டு விழும். விழுந்த திட்டு ஆறாது, அந்த இலை உதிரும்வரை அப்படியே இருக்கும்.

ஒரு சோதனை சொல்கிறோம். பகல் 11 மணிக்குத் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் கூர்மையாக நிழல் விழுந்தால் எச்சவேரியா வைக்கலாம். கலங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் ஹவார்த்தியா. நிழலே இல்லையென்றால் பிளாஸ்டிக் செடி, அல்லது விளக்கு.

விளக்கென்றால் ஊதா நிற "குரோ லைட்" தேவையில்லை. 20 வாட், நாலு அடி, வெள்ளை எல்.இ.டி. பேட்டன் போதும். ஹவார்த்தியாவுக்கு 30 செ.மீ. உயரத்திலும் எச்சவேரியாவுக்கு 15 முதல் 20 செ.மீ. உயரத்திலும் தொங்கவிடுங்கள். தினம் 13 மணி நேரம் எரிந்தால் மாதம் 8 யூனிட்டுக்குள்தான் வரும். இரவு முழுக்க எரியவிடாதீர்கள். இந்தச் செடிகள் மூச்சிழுப்பதே இருட்டில்தான் என்று மேலே பார்த்தோமே.

என் செடி பூ மாதிரி இருந்தது, இப்போது இலைக்கு இலை இடைவெளி விட்டு முருங்கைக் குச்சி போல் நெடுத்துவிட்டது. வெயிலில் வைத்தால் சரியாகுமா? (திருச்சி)

நெடுத்த தண்டு திரும்பக் குறுகாது. வெளிச்சம் தேடி அப்படி ஓடியிருக்கிறது. இனி வரும் இலைகளை மட்டும்தான் வெயில் நெருக்கமாக்கும்.

வேண்டுமானால் தலையைச் சீவி விடலாம். உச்சி அடுக்குக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. தண்டு விட்டு வெட்டுங்கள். இலை நெருக்கத்தில் கத்தி நுழையாவிட்டால், தூண்டில் நரம்பைத் தண்டில் சுற்றி இரு முனையையும் எதிரெதிராக இழுத்தால் சுத்தமாக அறுபடும். தலையை 4 நாள் உலர்த்தி நடுங்கள். அடிக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதில் நாலைந்து இலை இருக்கட்டும். 3 முதல் 6 வாரத்தில் இலைக்கணுக்களிலிருந்து குட்டி அடுக்குகள் கிளம்பும். ஐப்பசி பிறந்து வெக்கை தணிந்த பிறகு செய்தால் வெற்றி அதிகம், சித்திரையில் வேண்டாம்.

புதிய தலையைச் சட்டென்று மொட்டைமாடிக்கு ஏற்றவும் கூடாது. முதல் நாள் காலை வெயில் அரை மணி நேரம், பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

மண் கலவைக்கு எல்லோரும் பெர்லைட், பியூமிஸ் (தண்ணீர் வடிய உதவும் எரிமலைக் கல் துகள்கள்) என்கிறார்கள். எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. உள்ளூர்ப் பொருளில் முடியுமா? (தென்காசி)

முடியும், செலவும் குறைவு. மிளகு அளவுக்கு நொறுக்கிய செங்கல் 2 பங்கு, கழுவிய பெருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய இலை மக்கு அல்லது மண்புழு உரம் 1 பங்கு. செங்கல்லை நொறுக்கியதும் மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை அறவே தள்ளுங்கள். அந்தத் தூள்தான் காற்று இடைவெளிகளை அடைக்கும். எம்-சாண்ட் என்றால் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கடற்கரை மணல் கூடாது, உப்பு. செம்மண்ணை மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் அடை போல் இறுகிவிடும். உமிக்கரி ஒரு கைப்பிடி சேர்க்கலாம், கட்டாயமில்லை.

சரியாக வந்ததா என்று பார்க்க, கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் கீழே ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம் கட்டினால் மக்கு அதிகம், இன்னும் செங்கல் சேருங்கள்.

தேங்காய் நார்க்கழிவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஈரமாக இருந்தால் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். முழுசாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும், வேர்க்கட்டி நனையாது. நாற்றங்காலுக்கு நல்லது, வீட்டுக்குள் இருக்கும் சக்குலன்டுக்குத் தொல்லை.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. பொடி மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேல் மண் சொட்டச் சொட்ட நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் தொட்டியடியில் நிற்கவேண்டிய ஈரம் கூழாங்கல்லின் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்டையை ஒரு துண்டுக் கொசுவலையால் மூடி, கலவையை அடிவரை போடுங்கள்.

தொட்டி, மெருகு பூசாத மண்தொட்டி. செடியைச் சுற்றி ஒரு விரல் இடம் போதும். பெரிய தொட்டியில் வேர் போகாத மண் எல்லாம் ஈரக்கிடங்கு. ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு செடி நெருக்கி நட்டுப் பரிசாகத் தருகிறார்களே, அதைப் பெற்ற அன்றே பிரித்து நடுவது நல்லது. நட்டபின் 4, 5 நாள் தண்ணீர் வேண்டாம். அறுந்த வேர் முதலில் ஆறட்டும்.

எவ்வளவு தண்ணீர்? நர்சரியில் "வாரம் ரெண்டு ஸ்பூன்" என்றார்கள். (ஈரோடு)

ஸ்பூன் கணக்கு வேண்டாம். இரண்டு ஸ்பூன் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு ஆவியாகும். கீழ் வேர் காய்ந்து சாகும். விடும்போது அடியில் ஒழுகும்வரை விடுங்கள். நாலு அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் ஆகும். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். பிறகு முழுசாகக் காயும்வரை தொடாதீர்கள்.

காய்ந்ததை அறிய எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியே கருவி. அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். இன்னும் துல்லியம் வேண்டுமானால், தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவையும் நன்றாகக் காய்ந்ததும் ஒரு தடவையும் சமையலறை எடைக்கருவியில் தொட்டியை நிறுத்து, இரண்டு எடையையும் தொட்டியிலேயே எழுதி வையுங்கள். பழகிவிட்டால் கையே எடை சொல்லும். வறண்ட மாசி, பங்குனியில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை வரலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே தொட்டி 20 நாள்கூடக் காயாது.

இலை சுருங்கியிருக்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றிவிடாதீர்கள். குடிக்க வேர் இல்லை என்று பொருள். செடியை வெளியே எடுத்துப் பாருங்கள்.

அடுக்கின் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் ஊதி வெளியேற்றுங்கள், அல்லது டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுங்கள். புழுக்கமான இரவில் குருத்தழுகல் அங்கேதான் தொடங்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு மண்தொட்டி மேல் வெள்ளையாகப் பூக்கும். மழைநீர் பிடித்து வைத்தால் அதுவே உத்தமம். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பு அத்தனையும் அதில்தான் சேர்ந்திருக்கும்.

அரிசி கழுவிய தண்ணீர், பஞ்சகவ்யம் விடலாமா? (தஞ்சாவூர்)

தோட்டத்து முருங்கைக்கு விடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அது புளித்து நாறும், கொசு மாதிரிச் சிறு ஈக்கள் மண்ணில் முட்டையிடும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், ஐப்பசி முதல் மாசி வரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். தூங்கும் கோடையில் எதுவும் வேண்டாம்.

இலை மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. துடைத்தால் போகிறது. பூஞ்சையா? (சேலம்)

சமமாக, மெல்லிசாக, எருக்க இலை மேல் இருப்பது போல் படிந்திருந்தால் அது செடியே பூசிக்கொண்ட மெழுகு. வெயிலையும் நீரிழப்பையும் அது தடுக்கும். துடைத்த இடத்தில் மறுபடி வராது. உங்கள் கைரேகை அந்த இலை இருக்கும்வரை இருக்கும். செடியைத் தொட்டியைப் பிடித்துத் தூக்குங்கள், இலையைப் பிடித்தல்ல.

இலைக்கணுவில் பஞ்சுத் திரியாகச் சுருண்டிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசை கட்டி ஏறினாலும் சந்தேகப்படுங்கள். பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போல் காவல் காக்கும். முதலில் அந்தத் தொட்டியைத் தனி அறைக்கு மாற்றுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பூச்சி மேல் வையுங்கள். ஹவார்த்தியாவின் நெருங்கிய அடுக்குக்குள் பஞ்சுக் குச்சி போகாது, ஓவியம் வரையும் மெல்லிய தூரிகை போகும். மாலையில் செய்யுங்கள், ஈரம் காயும்வரை வெயில் படக்கூடாது. ஒரே முறையில் தீராது. மிஞ்சிய முட்டைகள் பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் 7 நாளுக்கு ஒரு முறையாக நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பலரும் தோற்பது இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுவதால்தான். மெழுகுப் பூச்சுள்ள எச்சவேரியா மேல் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் பூச்சி போகிறதோ இல்லையோ, பூச்சு போய்விடும்.

மேலே பூச்சியே இல்லாமல் செடி மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்தால், வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வேர்களிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணைக் குப்பையில் போடுங்கள், வேரைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவி, மூன்று நாள் உலர்த்தி, புதுக் கலவையில் நடுங்கள். பழைய தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவாமல் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

இலையிலிருந்து கன்று வரும் என்று ஹவார்த்தியா இலைகளைப் பிய்த்து வைத்தேன். பத்தும் அழுகிவிட்டன. (நாகர்கோவில்)

ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்தாலே குட்டி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்லாச் சதை இலையும் அப்படித்தான் என்று தோன்றும். ரணகள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த எச்சவேரியாவும் கிராப்டோபெட்டாலமும் இலையிலிருந்து வரும். ஹவார்த்தியா, கற்றாழையின் உறவு. அதன் இலை வேர்விட மாதங்கள் ஆகும், பெரும்பாலும் அதற்குள் அழுகிவிடும். பக்கத்தில் வரும் குட்டியைப் பிரிப்பதே வழி. தாயின் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்து, தனக்கென வேர் விட்டபின் பிரித்து, 3 நாள் உலர்த்தி நடுங்கள்.

எச்சவேரியா இலையை மேலிருந்து கீழே இழுக்காமல் இடமும் வலமுமாக ஆட்டி எடுங்கள். அடி முழுசாக வர வேண்டும். பாதி தண்டிலேயே தங்கிவிட்டால் அந்த இலையில் குருத்து வராது. 3 நாள் நிழலில் உலர்த்தி, கலவை மேல் படுக்கவையுங்கள், புதைக்க வேண்டாம். இளஞ்சிவப்பு வேர்நூல் 2, 3 வாரத்தில் எட்டிப்பார்க்கும். அதுவரை தண்ணீரே கூடாது, அதன்பிறகு வேர்ப்பக்கம் மட்டும் லேசாகத் தெளிக்கலாம். தாயிலை தானாகச் சருகாகும்வரை பிரிக்காதீர்கள். கன்று அதைக் குடித்துத்தான் வளர்கிறது.

பூத்தண்டு வந்திருக்கிறது. பூத்தால் செத்துவிடும் என்கிறார்கள். வெட்டிவிடவா? (புதுச்சேரி)

எதில் வந்தது என்று எழுதவில்லையே! எச்சவேரியா, ஹவார்த்தியா என்றால் பயமில்லை. தண்டு பக்கவாட்டிலிருந்து வரும், பூத்தபின் செடி பழையபடி வளரும். நலிந்த செடியில் மட்டும் தண்டை வெட்டுங்கள். ஆனைக்கற்றாழை, செம்பர்விவம் போன்றவற்றில் நடுக்குருத்தே பூத்தண்டாகிவிடும். அவை குலை தள்ளிய வாழை மாதிரி. தாய் போகும், பக்கக் கன்றுகள் நிற்கும். வெட்டினாலும் பிழைக்காது.

வீட்டில் பூனை இருக்கிறது, செடியைக் கடிக்கிறது. (கோவை)

எச்சவேரியாவும் ஹவார்த்தியாவும் பூனைக்கு நஞ்சல்ல. சோற்றுக்கற்றாழையும் ரணகள்ளி இனமான கலாஞ்சோவும் நஞ்சு. அவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

ஆன்லைனில் நீல ரோஜா போன்ற சக்குலன்ட் விதை, 100 விதை 99 ரூபாய் என்று வருகிறது. வாங்கலாமா? (விழுப்புரம்)

வேண்டாம். அந்த நீலம் கணினியில் ஏற்றிய சாயம். எச்சவேரியா விதை தூசி போல் இருக்கும். எள் அளவில், கடுகு அளவில் வந்தால் வேறு ஏதோ செடியின் விதை. நிஜ விதையே ஆனாலும் கலப்பின ரகத்தின் விதை தாயைப் போல் முளைக்காது. அந்தப் பணத்துக்கு ஒரு குட்டி வரிக்குதிரைச் செடியே கிடைக்கலாம்.

மகளைப் பார்க்க ஒரு மாதம் சிங்கப்பூர் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தண்ணீர் விடச் சொல்லலாமா? (மயிலாப்பூர்)

சாவி கொடுங்கள், தண்ணீர் விடச் சொல்லாதீர்கள். கிளம்புவதற்கு 5 நாள் முன்பு நிறைய விட்டு, தட்டுகளைக் காலி செய்து, மேற்கு ஜன்னலில் இருப்பதை இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். திரும்பி வரும்போது இலைகள் கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஒரு முழுத் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். உங்களை நினைத்து இரக்கப்பட்டுத் தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற அண்டை வீட்டாரிடமிருந்துதான் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.